குறட்டைக்கு லேசர் வைக்கலாமுங்களா? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது, ரிப்போர்ட்ல 38

தோப்புக்காரி (பொள்ளாச்சி):

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க மத்தவங்க போடறத படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு நானே கேக்க வேண்டிய நெலம வந்துருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு 46 வயசு, சொந்த லாரி, இளநீர் லோடு ஏத்திட்டு வாரத்துல ரெண்டு ட்ரிப் சென்னைக்குப் போயிட்டு வர்றாரு. குறட்டை கல்யாணம் ஆன நாள்ல இருந்தே உண்டுங்க, அத நாங்க யாரும் பெருசா எடுத்துக்கல, ஆனா இப்ப ஒண்ணரை வருசமா குறட்டை நடுவுல பட்டுனு நின்னுரும், சத்தமே இருக்காது, நெஞ்சும் வயிறும் மட்டும் மேலயும் கீழயும் இழுக்கும், காத்து உள்ள போகாது, அப்புறம் ஒரு உறுமலோட ஹக்குனு இழுத்து மூச்சு வரும். ஒரு நா ராத்திரி ரெண்டு மணிக்கு விடிவெளக்கு வெளிச்சத்துல சொவத்துக் கடிகாரத்தப் பாத்து எண்ணுனேனுங்க. 22 செகண்டு, 31 செகண்டு, ஒரு தடவ 40-ஐத் தாண்டிருச்சு. பயந்துபோய் தோளப் புடிச்சு உலுக்கிட்டேன். காலைல கேட்டா நான் நல்லாத்தான் தூங்குனேன், நீதான் தூங்காம ஒக்காந்துட்டு இருந்திருக்கேங்கறாரு.

போன மாசம் ஆத்தூர் தாண்டி, விடியக்காலம் நாலு மணி இருக்கும், வண்டி சென்டர் மீடியன ஒரசி நின்னிருக்குதுங்க. கிளீனர் பையன் கத்துனதால தப்பிச்சாங்க. இத அவரு எங்கிட்டச் சொல்லல, அந்தப் பையன்தான் ஊட்டுக்கு வந்து அழுதுட்டே சொன்னான்.

அதுக்கப்புறம் சண்டை போட்டு கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனேன். வீட்லயே ராத்திரி மெஷின் மாட்டிப் படுக்கற டெஸ்ட் குடுத்தாங்க, மூக்குல சின்ன ட்யூப், நெஞ்சுல பெல்ட், வெரல்ல கிளிப். ரிப்போர்ட்ல ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தன தடவ மூச்சு நிக்குது, கொறையுதுங்கற கணக்கு, 38, ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சபட்சம் 76 சதவீதம்னு வந்துச்சு. தூக்கத்துல மூச்சு நிக்கற நோய், ஸ்லீப் ஆப்னியா, சிவியர், மாஸ்க் வழியா காத்த உள்ள தள்ளற சிபேப் மெஷின் வெச்சுத்தான் படுக்கணும்னுட்டாங்க. அந்த மாஸ்க்கப் பாத்ததும் இவரு, சாகக் கெடக்கறவனுக்கு வெக்கற மாதிரி இருக்குது, எனக்கு வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டாரு.

இப்ப அவரு கூட்டாளி ஒருத்தர் சொல்லி வேற ஒரு கிளினிக் போனோம். ஆபரேஷன் இல்ல, கத்தி இல்ல, ரத்தம் இல்ல, மயக்க ஊசி இல்ல, மூணு சிட்டிங் லேசர், ஒவ்வொண்ணும் இருவது நிமிசம், மொத்தம் 48,000 ரூவா பேக்கேஜ், குறட்டை நின்னா நோயும் போயிரும்ங்கறாங்க. இவருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. நான் ரிப்போர்ட் பைல நீட்டுனேன், வாங்கி மேசை மேல வெச்சுட்டாங்களே ஒழிய தொறந்து பாக்கலைங்க. அதுதான் மனசுல உறுத்திட்டே இருக்குது. அட்வான்ஸ் இன்னும் கட்டல. யாராவது இந்த லேசர் பண்ணியிருக்கீங்களா, 38-க்கு இது கேக்குமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரைச் சொக்கன்:

அக்கா, மொத வேலையா அண்ணன ராத்திரி வண்டி ஓட்ட விடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஒரு மாசம் வாடகை டிரைவர் போட்டாலும் பரவாயில்ல.

நான் அந்த லேசர் பண்ணவன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, இதே மூணு சிட்டிங், மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு. வாயத் தொறந்து வச்சுக்கிட்டு படுக்கணும், பேனா மாதிரி ஒரு கருவிய உள்நாக்கைச் சுத்தி, மேலண்ணத்துல பின்பக்கமா நகத்திக்கிட்டே போவாங்க, சூடா காப்பிய அவசரத்துல முழுங்குன மாதிரி ஒரு சூடு, ரெண்டு நாள் தொண்டை வறண்டு கெடந்துச்சு, அவ்வளவுதான், வலின்னு சொல்ல ஒண்ணுமில்ல. குறட்டையும் கொறஞ்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு இருந்த வீட்டம்மா திரும்பி வந்துட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் சரியாப் போச்சுன்னு நிம்மதியா இருந்தோம்.

ஆனா பகல்ல தூக்கம் போகல. ஆபீஸ்ல கஸ்டமர் எதிர்ல உக்காந்திருக்கும்போதே கண்ணு சொருகும். பிபிக்கு ஒரு மாத்திர ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, அப்பவும் எறங்கல. ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிப்பேன், சுகர் இருக்கோன்னு பாத்தா அதுவும் இல்ல. கடைசியில இருதய டாக்டர்தான் கழுத்தை டேப்பு வச்சு அளந்து பாத்துட்டு, 43 சென்டிமீட்டர் இருக்கு, தூக்க டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டாரு. எடுத்தா 29, ஆக்சிஜன் 81 வரைக்கும் எறங்கியிருக்கு. சத்தம் மட்டும்தான் அடங்கியிருக்கு, மூச்சு நிக்கிறது அப்படியே இருந்திருக்கு. சத்தம் இருந்த வரைக்குமாவது வீட்டம்மாவுக்கு பயம் இருந்துச்சு, உலுக்கி எழுப்பி விடுவாங்க, அதுவும் போச்சு. ஏழெட்டு மாசம் அப்படியே ஓடிருச்சு.

இதுல என்னால தாங்க முடியாத விசயம், லேசருக்கு முன்னாடி யாரும் எனக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லல. அதனால அந்த 29, லேசருக்கு முன்னாடி 40-ஆ இருந்து கொறஞ்சுச்சா, 20-ஆ இருந்து கூடிப்போச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எந்த டாக்டராலயும் சொல்ல முடியல. உங்க கையில ரிப்போர்ட் இருக்கு அக்கா. அதத் தொறந்து பாக்காத எடத்துல ஒரு ரூவா கட்டாதீங்க.

தோப்புக்காரி (பொள்ளாச்சி):

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன், அவருக்கும் படிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் பேசாம கேட்டுட்டு இருந்தாரு, கழுத்த அளக்கச் சொன்னாரு, தையல் டேப்புல அளந்தா 44 இருக்குதுங்க. வண்டிக்கு எங்க சித்தப்பா பையன இந்த வாரம் அனுப்பிட்டோம்.

ஒரு சந்தேகம் மட்டும். குறட்டை போச்சுன்னா அடைப்பு போச்சுன்னுதானே அர்த்தம்? சத்தம் போயி நோய் மட்டும் எப்படி நிக்கும்?

ராத்திரி டூட்டி:

வணக்கம் மேடம். நான் டாக்டர் இல்ல, ஸ்லீப் லேப்ல டெக்னீசியனா 11 வருசமா இருக்கேன், ராத்திரி பூரா அடுத்தவங்க தூங்குறத ஸ்கிரீன்ல பாக்குறதுதான் என் வேலை. நீங்க கேட்ட கேள்வி ரொம்பச் சரியான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முழிச்சிருக்கும்போது தொண்டைச் சதை எல்லாம் இறுக்கமா நிக்கும், குழாய் தொறந்தே இருக்கும். தூங்குனதும் அது தளரும். மேல மென்மையான அண்ணமும் உள்நாக்கும் தொங்கும், அதுல காத்து பட்டு படபடன்னு அடிக்கிறதுதான் பெரும்பாலும் குறட்டைச் சத்தம். கொடியில காயப்போட்ட வேட்டி காத்துல அடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா அடைப்பு அங்க மட்டும் விழுறதில்ல. அடிநாக்கு பின்னாடி சரிஞ்சு தொண்டைய மூடும், ரெண்டு பக்கச் சுவரும் நடுவுக்கு ஒட்டும், சிலருக்கு குரல்வளை மூடி கூட சாயும். சிவியரா இருக்குறவங்களுக்கு ஒரே எடத்துல இல்லாம ரெண்டு மூணு எடத்துல சேர்ந்து அடைக்கிறதத்தான் அதிகமாப் பாக்குறோம். லேசர் தொடுறது முக்கியமா அண்ணத்தையும் உள்நாக்கையும்தான். வேட்டிய இழுத்துக் கட்டிட்டீங்க, சத்தம் நின்னுருச்சு, ஆனா கீழ குழாய் மூடுறது மூடிக்கிட்டேதான் இருக்கும். சொக்கன் சாருக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும். சத்தமில்லாத ஆப்னியான்னு எங்க டாக்டர் சொல்லுவாரு, ரொம்ப பயப்படுற விசயம் அது.

லேசர்னு சொன்னா ரெண்டு வேற வேற சமாச்சாரம் இருக்கு, ஜனங்க ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. பழையது கார்பன் டை ஆக்சைடு லேசர் வெச்சு உள்நாக்கையும் அண்ணத்தோட ஓரத்தையும் வெட்டி எரிச்சு எடுக்குறது, எல்ஏயுபின்னு சொல்லுவாங்க, பிரான்ஸ்ல கமாமிங்கிற டாக்டர் ஆரம்பிச்சது, 1990-ல அவரோட மொதல் கட்டுரை வந்துச்சு. ஆஸ்பத்திரில படுக்க வேண்டாம்னு உலகம் பூரா பரவிடுச்சு. அப்புறம் கணக்கு பாத்தாங்க. 2017-ல ஸ்லீப்ங்கிற ஜர்னல்ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் ஒண்ணா சேத்துப் பாத்து ஒரு கட்டுரை வந்துச்சு, தனித்தனியா கணக்கு கெடச்ச பேஷன்ட்ல 44 சதவீதம் பேருக்கு ஏஹெச்ஐ கூடியிருந்துச்சு, முழுசா சரியானது 8 சதவீதம் பேருக்குத்தான். எரிச்ச எடம் தழும்பா சுருங்கி குழாய இன்னும் குறுக்கிடுது, அதோட தொண்டை மூடப்போகுதுன்னு மூளைக்கு சேதி சொல்ற நரம்பு நுனிகளும் சேந்து கருகிடுதுன்னு காரணம் சொல்றாங்க. அமெரிக்காவுல தூக்க மருத்துவ அகாடமி 2001-லயும் 2010-லயும் ஆப்னியாவுக்கு இத வழக்கமா செய்யாதீங்கன்னே எழுதியிருக்கு.

உங்ககிட்ட சொன்னது புதுசு, வெட்டுறதில்ல. எர்பியம் யாக் லேசர், 2940 நானோமீட்டர், ஸ்லோவேனியா கம்பெனி ஃபோட்டோனா இத நைட்லேஸ்ங்கிற பேர்ல விக்கிறாங்க, பல் டாக்டர்கள் நிறைய பேர் வெச்சிருக்காங்க. அந்த அலைநீளத்த தண்ணி நல்லா உறிஞ்சும், சதையில தண்ணிதானே அதிகம், அதனால மேலாக்க சூடாகி உள்ள இருக்குற கொலாஜன் நார் சுருங்கி அண்ணம் இறுகும். எரிக்காததால பழைய லேசர் அளவுக்கு ஆபத்து இல்லன்னு வெச்சுக்கலாம். ஆனா இறுகுனது நிரந்தரம் இல்ல, ஒரு வருசம் போல ஆனதும் திரும்ப ஒரு சிட்டிங் வரச்சொல்லுவாங்க. இதுல வந்த ஆய்வுகள்ல பெரும்பாலானது சின்னச் சின்னது, அதுலயும் பாதி குறட்டையப் பத்தி, பக்கத்துல படுக்குறவங்ககிட்ட பத்துக்கு எத்தன மார்க்குன்னு கேட்டு எழுதுனது. சிலருக்கு ஏஹெச்ஐயும் கொறஞ்சிருக்கு, அத மறைக்கக் கூடாது. ஆனா 38 இருக்குறவருக்கு மெஷினுக்கு பதிலா இத குடுக்கலாம்னு சொல்ற அளவுக்கு யாரும் நிரூபிக்கல.

அந்த 38-க்கு அர்த்தம் என்னன்னா, ஒரு மணி நேரத்துல 38 தடவ மூச்சு பத்து செகண்டுக்கு மேல நின்னிருக்கு இல்லாட்டி நல்லா கொறஞ்சிருக்கு. 5-க்குக் கீழ நார்மல், 5 முதல் 15 மைல்டு, 30 வரைக்கும் மாடரேட், அதுக்கு மேல சிவியர். வீட்டு டெஸ்ட்ல முழிச்சுப் படுத்திருந்த நேரத்தையும் சேத்து வகுத்துருவாங்க, அதனால உண்மையான எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் கூட இருக்கவும் வாய்ப்பிருக்கு. ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையா முழிச்சு தொண்டையத் தொறந்து விடுது, அது அவருக்கு ஞாபகம் இருக்காது, அதான் நல்லா தூங்குனேன்னு சொல்றாரு, அவரு பொய் சொல்லல மேடம். ஆனா ஒடம்பு தூங்கவே இல்ல. ஆப்னியா இருக்குற டிரைவர்களுக்கு விபத்து வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டரை மடங்குன்னு ஆய்வுகளத் தொகுத்து சொல்லியிருக்காங்க. ஆத்தூர்ல நடந்தத ஸ்லீப் டாக்டர்கிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க, மறைக்காதீங்க.

வேளச்சேரி அப்பு:

லேசர் பண்ணவங்க எல்லாருக்கும் கெட்டதா போச்சுன்னு நெனச்சுடக் கூடாதுன்னு இத எழுதுறேன். எனக்கு 34 வயசு, ஒல்லியான ஆள், சத்தம் மட்டும்தான் பிரச்சன, ட்ரெயின்ல அப்பர் பெர்த்துல படுத்தா கீழ இருக்குறவங்க தட்டுவாங்க. ஈஎன்டி டாக்டர் மொதல்ல டெஸ்ட் எடுக்க வெச்சாரு, ஏஹெச்ஐ 3, அதாவது ஆப்னியாவே இல்ல, வெறும் குறட்டை. மூக்குத் தண்டு வளைவும் இல்லன்னு பாத்துட்டுத்தான் லேசருக்கு சரின்னாரு. ஒன்பது மாசமா நல்லா இருக்கு, இப்ப கொஞ்சம் கொஞ்சமா சத்தம் திரும்ப ஆரம்பிச்சிருக்குன்னு ரூம்மேட் சொல்றான். எனக்கு அந்தப் பணம் வீண்னு தோணல. ஆனா என் கேஸ் வேற, சார் கேஸ் வேற. ஆக்சிஜன் 76 வரைக்கும் எறங்குறவரு இதுல நேரத்த வீணாக்கக் கூடாது.

நெல்லை டீச்சர்:

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் மாஸ்க்கப் பாத்து சொன்ன அதே வார்த்தையத்தான் நானும் ஆறு வருசத்துக்கு முன்னால சொன்னேன். எனக்கு வயசு 57, ரிட்டயர்டு ஆகப்போற டீச்சர். பொம்பளைகளுக்கு இது வரும்னே யாருக்கும் தோணாது, காலைத் தலைவலி, எப்பப் பாத்தாலும் அசதி, ராத்திரி தூக்கம் கலையுது, எல்லாத்துக்கும் மாதவிடாய் நின்ன சமயம்னு மாத்திர குடுத்தாங்க. கடைசியில டெஸ்ட்ல 33 வந்துச்சு.

மாஸ்க்கு பத்தி நான் பட்டத சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மொத ரெண்டு வாரம் நான் செஞ்ச தப்பு, காத்து கசியக் கூடாதுன்னு பட்டைய இறுக்கி இறுக்கிக் கட்டுனேன். காலைல மூக்குத் தண்டுல ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு தடம், தோலு உரிஞ்சே போச்சு. தூக்கி பரண்ல போட்டுட்டேன். அப்புறம் மெஷின் குடுத்த எடத்துல ஒரு பொண்ணு, என்னைய அங்க இருந்த கட்டில்ல படுக்க வச்சு, மெஷின ஓட விட்டு, மாஸ்க்க முகத்துல இருந்து லேசா தூக்கி திரும்ப வச்சா, உள்ள மெத்தை மாதிரி காத்து நெறஞ்சு தானா முகத்தோட ஒக்காந்துச்சு. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவுல ரெண்டு வெரல் போகணும்மா, அவ்வளவு தளர்வா இருந்தாப் போதும்னு சொன்னா. உக்காந்துட்டு மாட்டிப் பாக்குறதும் படுத்துட்டு மாட்டிப் பாக்குறதும் வேற, படுத்தா முகச்சதை பின்னால போயிரும், அதனால படுத்துட்டுத்தான் சரி பண்ணணும். இத மொத நாளே யாராச்சும் சொல்லியிருந்தா எனக்கு நாலு மாசம் மிச்சம்.

மாஸ்க்கே மூணு தினுசு இருக்கு. மூக்கும் வாயும் மூடுறது ஒண்ணு, மூக்கு மட்டும் மூடுறது ஒண்ணு, மூக்கு ஓட்டையில சும்மா பொருந்துற மாதிரி சின்னது ஒண்ணு. பெரிய மாஸ்க்கப் பாத்துதான் ஆம்பளைங்க அரண்டு போறது. அவரு வாய மூடித் தூங்குற ஆளா இருந்தா, மூக்கும் அடைப்பு இல்லாம இருந்தா, அந்தச் சின்னத கேட்டுப் பாருங்க. மீசை தாடி இருந்தா சுத்தி மூடுறது கசியும், அதுக்கும் அந்தச் சின்னது நல்லது. ராம்ப்னு ஒரு செட்டிங் இருக்கு, காத்து மெதுவா ஆரம்பிச்சு தூங்குன பெறகு கூடும். ஈரப்பதம் குடுக்கற தொட்டியில காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்துங்க, போர் தண்ணி ஊத்தினா ஒரே வாரத்துல வெள்ளையாப் படியும். பகல்ல டிவியில செய்தி பாக்கும்போது அரை மணி நேரம் சும்மா மாட்டிட்டு உக்காரச் சொல்லுங்க, பழகிரும்.

இன்னொண்ணு. எங்க டாக்டர் எனக்குச் சொன்னது, உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க. 1980-ல சிட்னியில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர்தான் இத மொதல்ல ஒரு நோயாளிக்கு வச்சுப் பாத்தாரு, வாக்குவம் கிளீனர் மோட்டார வச்சு காத்த உள்ள தள்ளி. அதுக்கு முன்னால இந்த நோய் முத்திப்போனவங்களுக்கு இருந்த ஒரே வைத்தியம் கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி பண்றதுதான். அந்த மனுசனுக்கும் கழுத்துல ஓட்டை போடணும்னுதான் சொல்லியிருந்தாங்க, இந்தக் காத்த வச்சதும் அன்னைக்கு ராத்திரியே ஆழ்ந்து தூங்கியிருக்காரு. சாகக் கெடக்கறவங்களுக்கு வைக்கிறது இல்ல தம்பின்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

தோப்புக்காரி (பொள்ளாச்சி):

டீச்சரக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. ரெண்டு வெரல் கணக்க அவருகிட்டச் சொன்னேன், அப்படியா, எனக்கு இறுக்கித்தான் கட்டுனாங்கன்னாரு. மறுபடியும் கோயமுத்தூர் போக ஒத்துக்கிட்டாரு, அதுவே பெருசு. எடை 104 கிலோ இருக்காரு, உயரம் அஞ்சே முக்கால் அடி. இப்ப ஏதோ எடை கொறைக்கற ஊசி வந்திருக்குது, அதப் போட்டா ஆப்னியாவே போயிரும்னு ஒருத்தர் சொன்னாரு. பல்லுல மாட்டற கிளிப்பும் இருக்குதாமா. இதெல்லாம் நெசந்தானுங்களா?

ராத்திரி டூட்டி:

ரெண்டும் நெசம்தான் மேடம், ஆனா எடம் தெரிஞ்சு வெக்கணும்.

ஊசி டிர்செபடைட். அமெரிக்காவுல மருந்துகளுக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2024 டிசம்பர்ல, ஒடல் பருமனோட மாடரேட், சிவியர் ஆப்னியா இருக்குறவங்களுக்குன்னு இதுக்கு அனுமதி குடுத்துச்சு, இந்த நோய்க்குன்னு அனுமதி வாங்குன மொதல் மருந்து அதுதான். 52 வாரம் போட்டதுல ஏஹெச்ஐ சராசரியா 25 முதல் 29 வரைக்கும் கொறஞ்சிருக்கு. நம்ம நாட்டுல மௌஞ்சாரோன்னு 2025 மார்ச்ல இருந்து கெடைக்குது, சுகருக்கும் எடைக்கும்னு. வெலை கூட, வாந்தி வயித்து உபாதை உண்டு, டாக்டர் பாத்துத்தான் குடுக்கணும். முக்கியமா, அது வேல செய்ய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ராத்திரிக்கு ராத்திரி மூச்சு நிக்குமே, அதுக்கு மெஷின் வேணும். ஊசி இல்லாம கொறைச்சாலும் பலன் உண்டு, எடையில பத்துல ஒரு பங்கு கொறஞ்சா ஏஹெச்ஐ கால் பங்கு போல கொறையும்னு 2000-லயே விஸ்கான்சின்ல ரொம்ப வருசம் ஆளுங்களப் பின்தொடர்ந்து பாத்து எழுதியிருக்காங்க. அவருக்கு அது பத்து கிலோ.

பல்லுல மாட்டுறது கீழ்த் தாடைய முன்னாடி இழுத்துப் புடிக்கும், கூடவே நாக்கும் முன்னாடி வரும். மைல்டு, மாடரேட்டுக்கு நல்லா வேல செய்யுது. சிவியர்ல மெஷின் சுத்தமா ஒத்துக்காதவங்களுக்குத்தான் டாக்டர் யோசிப்பாரு. தாடை வலி, பல் கடி மாறிப்போறது உண்டு, அதனால கடையில விக்கிற ரெடிமேட் வாங்கி மாட்டிக்காதீங்க. தைராய்டும் ஒரு தடவ பாத்துடுங்க. சாயங்காலம் ஒரு கட்டிங் போடுற பழக்கம் இருந்தா அத நிறுத்தணும், சாராயமும் தூக்க மாத்திரையும் தொண்டைய இன்னும் தளர விடும். மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சு படுக்கச் சொல்லுங்க, நாக்கு பின்னாடி சரியுறது கொறையும். நாளைக்கு வேற ஏதாவது ஆபரேஷன்னு வந்தா மயக்க டாக்டர்கிட்ட ஆப்னியா இருக்குன்னு கட்டாயம் சொல்லணும், அத மறக்கவே கூடாது.

மெஷின் செகண்ட் ஹேண்ட் கெடைக்குதுன்னு வாங்காதீங்க. 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி, உள்ள இருக்குற சத்தம் அடக்குற ஃபோம் உதிர்ந்து மூச்சுல போக வாய்ப்பிருக்குன்னு லட்சக்கணக்கான மெஷின திரும்ப வாங்குனாங்க, அதுல எத்தன இன்னும் கை மாறிக்கிட்டு இருக்குன்னு யாருக்குத் தெரியும். மொதல்ல ரெண்டு மூணு வாரம் வாடகைக்குக் குடுப்பாங்க, மெஷினும் மாஸ்க்கும் ஒத்துவந்த பெறகு வாங்குங்க.

மதுரைச் சொக்கன்:

நானும் இப்ப சிபேப்தான் அக்கா. பிபி மாத்திர மூணுல இருந்து ஒண்ணாயிருச்சு. அண்ணன்ட்ட சொல்லுங்க, கரண்ட் போனா என்ன பண்றதுன்னு நானும் பயந்தேன், வீட்டு இன்வெர்ட்டர்லயே தாராளமா ஓடுது.

தோப்புக்காரி (பொள்ளாச்சி):

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேனுங்க, மன்னிச்சுக்கோங்க. லேசருக்குப் போகல. அந்தக் கிளினிக்ல இருந்து ஆஃபர் முடியப்போகுதுன்னு மூணு தடவ போன் வந்துச்சு, ரிப்போர்ட் பாத்தீங்களான்னு மட்டும் கேட்டேன், அப்புறம் கூப்படல.

காத்தழுத்தத்த தானே கூட்டிக் கொறைச்சுக்கற ஆட்டோ சிபேப் மெஷின வாடகைக்கு எடுத்து வந்தோம். மூக்குல பொருந்தற சின்ன மாஸ்க். மொத நாள் ஒரு மணி நேரத்துல கழட்டி வீசிட்டாரு. ரெண்டாவது நாளும் அப்படித்தான். நாலாவது நாள் டீச்சரக்கா சொன்னபடி படுக்க வெச்சு, பட்டையத் தளத்தி, ராம்ப் போட்டு விட்டேன், பத்தரைக்குப் படுத்தவரு அஞ்சே காலுக்குத்தான் எந்திரிச்சாரு. நடுவுல ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கல. காப்பியக் குடுத்தா அதக் கையில வெச்சுட்டு வாசத்திண்ணையில ஒக்காந்து, தலை கனமில்லாம இருக்குதுடி, எத்தன வருசம் ஆச்சுன்னாரு. மெஷின்ல பதிவாகற மெமரி கார்டப் பாத்த டாக்டர், போன பதினாலு நாள்ல சராசரியா தெனம் அஞ்சரை மணி நேரம் மாட்டியிருக்காரு, ஏஹெச்ஐ 3.6-னு சொன்னாங்க. எல்லா நாளும் நல்லா இல்லைங்க, ரெண்டு நாள் சளி புடிச்சு மாட்ட முடியல, அந்த ரெண்டு ராத்திரியும் பழையபடிதான். எடை மூணு கிலோ கொறஞ்சிருக்குது, ராத்திரி பரோட்டா நிறுத்திட்டோம்.

அடுத்த மாசம் பகல் ட்ரிப் மட்டும் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. லோடு எறக்கிட்டு கோயம்பேட்டுப் பக்கம் வண்டியிலயேதான் படுப்பாரு, அங்க மெஷின எப்படி ஓட்டறது? லாரி பேட்டரியில ஓடுமுங்களா?

ராத்திரி டூட்டி:

3.6 அருமையான நம்பர் மேடம், ரொம்ப சந்தோசம். நேரத்த இன்னும் கொஞ்சம் கூட்டணும், விடியக்காலந்தான் அடைப்பு அதிகமா வர்ற நேரம், அப்ப மாஸ்க் முகத்துல இருக்கணும். சளி புடிச்ச நாள்ல உப்புத் தண்ணி மூக்கு ஸ்ப்ரே அடிச்சிட்டு மாட்டச் சொல்லுங்க, அப்பவும் முடியலைன்னா தலைய உயத்தி ஒருக்களிச்சுப் படுக்கட்டும், மறுநாள் வண்டி எடுக்க வேண்டாம்.

லாரிக்கு டிசி கன்வெர்ட்டர்னு தனியா விக்கிறாங்க, உங்க மெஷின் கம்பெனியோடதே, அதே மாடலுக்கு வாங்குங்க. கார்ல 12 வோல்ட், லாரியில 24 வோல்ட், அதனால 24-க்கும் ஒத்துவருமான்னு டப்பா மேல பாத்துட்டு வாங்குங்க, இல்லைன்னா மெஷின் புகைஞ்சிரும். வண்டியில போறப்ப ஈரப்பதத் தொட்டிய ஆஃப் பண்ணிட்டு, தண்ணிய கொட்டிட்டு ஓட்டச் சொல்லுங்க, சூடேத்துறதுதான் அதிகமா கரண்ட் இழுக்கும், அது இல்லைன்னா காலைல வண்டி ஸ்டார்ட் ஆகாதோன்னு கவலப்பட வேண்டாம். மொதல்ல வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்தி ஒரு ராத்திரி கேபின்ல படுத்துப் பாக்கட்டும்.